வேரியபிள் என்டி ஃபில்டர்: வானத்தில் கறுப்பு எக்ஸ், பழுப்பாகிப்போன கோட்டு. குறை கண்ணாடியிலா, என் கையிலா?

வெண்சங்கு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். செங்கல்பட்டைச் சுற்றி நான்கு ஆண்டுகளாகத் திருமண வீடியோ எடுத்து வருகிறேன். சென்ற வாரம் மாமல்லபுரம் கடற்கரையில் ஒரு மணமக்களின் வெளிப்புறப் படப்பிடிப்பைக் காலை பத்தரை மணிக்குத் தொடங்கி ஒரு மணி வரை எடுத்தேன். அந்த வேலைக்காகவே 82 மி.மீ. வேரியபிள் என்டி ஃபில்டர் (லென்ஸுக்கு முன் மாட்டி, வளையத்தைத் திருப்பி வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி) ஒன்றைப் புதிதாக வாங்கியிருந்தேன். பெட்டியில் என்டி2 முதல் என்டி400 வரை என்று அச்சிட்டிருந்தது. கேமரா சோனி ஏ7 IV. எஸ்-லாக்3 (பின்னர் வண்ணம் சேர்ப்பதற்காகத் தட்டையாகப் பதியும் முறை) என்பதால் ஐஎஸ்ஓ 800, நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50, அப்பர்ச்சர் எஃப் 2.8. 16-35 லென்ஸில் நேரடியாகவும், 85 மி.மீ. லென்ஸின் 67 மி.மீ. வாயில் 82 மி.மீ. ஃபில்டரைப் பொருத்தும் வளையம் போட்டும் இதே ஃபில்டரைப் பயன்படுத்தினேன்.

வீட்டுக்கு வந்து பெரிய திரையில் போட்டுப் பார்த்தபோது மூன்று குறைகள் தெரிந்தன. 16 மி.மீ.-இல் எடுத்த காட்சிகளில் வானத்தின் குறுக்கே எக்ஸ் எழுத்தைப் போல ஒரு கறுப்பு நிழல் விழுந்திருந்தது. ஒரே இடத்தில் அடுத்தடுத்து எடுத்த இரண்டு காட்சிகளில் ஒன்றின் வானம் கருநீலமாகவும் மற்றொன்றின் வானம் வெளுத்தும் இருந்தது. மணமகளின் முகமும் அப்படியே, ஒன்றில் உயிரோட்டமாகவும் மற்றொன்றில் மாவு பூசியதைப் போலவும் தெரிந்தது. எல்லாவற்றையும்விட வருத்தம் தந்தது மணமகனின் கறுப்புக் கோட்டு. அது அரக்கும் பழுப்புமாக மாறியிருந்தது. மாதிரிக் காட்சியைப் பார்த்த மணமகளின் அண்ணன், "கறுப்புக் கோட்டுக்குத்தானே வாடகை கொடுத்தோம்?" என்று கேட்டார். ஃபில்டர் விற்ற கடையிலோ, செல்பேசியில் பார்த்தால் தெரியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நான் வாங்கியது மட்டமான சரக்கா, அல்லது பயன்படுத்திய முறை தவறா என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டும்.

*

கணக்குப்பிள்ளை எழுதியது:

தம்பி, நான் தொழில்முறை ஒளிப்பதிவாளன் அல்லன். இயற்பியல் ஆசிரியர், விடுமுறை நாளில் கேமரா எடுப்பவன். ஆனாலும் உங்கள் மூன்று குறைகளில் இரண்டுக்குப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்திலேயே விடை இருப்பதால் முந்திக்கொண்டு எழுதுகிறேன்.

வேரியபிள் என்டி என்பது பெயருக்குத்தான் என்டி. உள்ளே இருப்பவை ஒன்றன்பின் ஒன்றாக வைத்த இரண்டு போலரைசர்கள், அதாவது ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் கடக்கவிடும் கண்ணாடிகள். பின்னால் உள்ளது அசையாது. முன்னால் உள்ளதை நீங்கள் வளையத்தைப் பிடித்துத் திருப்புகிறீர்கள். இரண்டின் அச்சுகளும் ஒரே திசையில் இருந்தால் ஒளி கூடுதலாகக் கடக்கும். செங்குத்தாக நின்றால் ஏறக்குறைய அடைபட்டுவிடும். இடைப்பட்ட கோணங்களில் எவ்வளவு கடக்கும் என்பதைத்தான் 1809-இல் பிரெஞ்சுக்காரரான மாலஸ் கண்டறிந்த விதி சொல்கிறது: கடக்கும் ஒளி, கோணத்தின் கோசைனின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும்.

இந்த வர்க்கம்தான் எல்லாத் தொல்லைக்கும் வேர். முதல் ஒரு ஸ்டாப் (வெளிச்சம் பாதியாவது ஒரு ஸ்டாப்) குறைவதற்கு வளையத்தை 45 பாகை திருப்ப வேண்டும். இரண்டாவது ஸ்டாப் 60 பாகையில் கிடைத்துவிடும். மூன்றாவது 69, நான்காவது 75½, ஐந்தாவது ஏறத்தாழ 80. அதன்பின் ஆறாவது 83-க்குச் சற்று முன்னும், ஏழாவது 85-ஐ ஒட்டியும், எட்டாவது 86½-ஐ ஒட்டியும் வந்துவிடும். அதாவது முதல் ஸ்டாப்புக்கு 45 பாகை, எட்டாவதற்கு வெறும் ஒன்றரை பாகை. உங்கள் 82 மி.மீ. வளையத்தின் விளிம்பில் ஒன்றரை பாகை என்பது ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான். கடற்காற்றில் சட்டைக் கை உரசினாலே அரை ஸ்டாப் மாறிவிடும் இடத்தில் நீங்கள் வேலை செய்திருக்கிறீர்கள்.

எக்ஸ் வருவதும் இதனால்தான். லென்ஸின் நடுவழியே வரும் கதிர் ஃபில்டரை நேராகக் கடக்கிறது. அகலக்கோண லென்ஸின் மூலைக்குச் செல்லும் கதிர் சாய்வாகக் கடக்கிறது. சாய்வாகக் கடக்கும் கதிருக்கு இரண்டு போலரைசர்களின் அச்சுகளும் அதே கோணத்தில் நிற்பதாகத் தெரிவதில்லை; ஒரு மூலையில் சற்றுக் கூடுதலாகவும் அடுத்த மூலையில் சற்றுக் குறைவாகவும் தெரியும். 20 பாகையில் இந்த வேறுபாடு கண்ணுக்கே படாது. ஆனால் 79 பாகைக்கும் 81 பாகைக்கும் இடையிலேயே அரை ஸ்டாப்புக்கு மேல் வேறுபாடு இருப்பதால், 80-ஐத் தாண்டிய பிறகு அந்தச் சிறு பிசகு வானத்தில் எக்ஸாக எழுந்து நிற்கும். விலை உயர்ந்த ஃபில்டரை வாங்கினாலும் கோசைன் மாறப்போவதில்லை. நல்ல தயாரிப்பாளர் செய்வதெல்லாம், வளையம் அந்த இடத்துக்குப் போகாதபடி ஒரு தடையை வைத்து, இரண்டு முதல் ஐந்து ஸ்டாப் வரைதான் என்று நேர்மையாக அச்சிடுவதுதான்.

போகிற போக்கில் ஒன்று. பெட்டியில் என்டி2 என்று போட்டிருப்பது ஒரு ஸ்டாப்பைக் குறிக்கும். குறையே இல்லாத போலரைசர்கூட இயல்பான ஒளியில் பாதியைத்தான் கடக்கவிடும் என்பதால், ஒரு ஸ்டாப் என்பது ஏட்டில் மட்டுமே உள்ள எல்லை. உண்மையில் ஒன்றரை, இரண்டு ஸ்டாப்புக்குக் கீழே எந்த வேரியபிள் என்டியும் இறங்காது. மாலையில் வெளிச்சம் மங்கினால் கழற்றத்தான் வேண்டும்.

*

ஆறாம்விரல் எழுதியது:

ஆசிரியர் ஐயா சொன்னதற்கு மேல் கண்ணாடியைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை. நான் கணக்கின் மறுபக்கத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் வெண்சங்கு அந்த எக்ஸ் இருக்கும் இடத்துக்குத் தானாகப் போகவில்லை, அவருடைய அமைப்புகள்தான் அவரை அங்கே தள்ளியிருக்கின்றன.

நல்ல வெயிலில் எஃப் 16 வைத்தால் ஷட்டர் வேகம் ஐஎஸ்ஓ எண்ணுக்குச் சமம் என்பது ஃபிலிம் காலத்திலிருந்து வரும் பழைய கணக்கு. ஐஎஸ்ஓ 800 என்றால் எஃப் 16, 1/800. அங்கிருந்து 1/50-க்கு வருவது நான்கு ஸ்டாப். எஃப் 16-இலிருந்து 2.8-க்குத் திறப்பது ஐந்து ஸ்டாப். ஆக மொத்தம் ஒன்பது ஸ்டாப்பை ஃபில்டர் தாங்க வேண்டும். வெண்மணலும் கடலும் இருக்கும் இடத்தில் இன்னொன்றும் சேரலாம். என்டி400 என்பதே எட்டரை ஸ்டாப்பைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். வளையத்தின் கடைசிக் குறியையும் தாண்டித் திருப்பியிருப்பீர்கள், எக்ஸ் வராமல் என்ன செய்யும்?

இதே காட்சியை லாக் இல்லாமல் ஐஎஸ்ஓ 100-இல் எடுத்திருந்தால் ஆறு ஸ்டாப் போதும். லாக்தான் வேண்டும் என்றால் எஃப் 4-க்கு மூடியிருந்தால் எட்டு. மெதுவோட்டக் காட்சிகளை நொடிக்கு 100 ஃபிரேமில் எடுத்தால் ஷட்டர் 1/200 ஆகிவிடும், எஃப் 2.8-இலேயே ஏழு ஸ்டாப்பில் முடிந்துவிடும். ஃபில்டரைத் தொடுவதற்கு முன் இந்தக் கணக்கை மனத்தில் போட்டுப் பார்க்கும் பழக்கம் நம்மில் பலருக்கு இல்லை. திரையில் வெளுத்துத் தெரிந்தால் வளையத்தைத் திருப்புகிறோம், இன்னும் வெளுத்தால் இன்னும் திருப்புகிறோம்.

இனிக் கோட்டு விவகாரம். அது அகச்சிவப்புக் கசிவு. போலரைசர்கள் கண்ணுக்குத் தெரியும் ஒளியைத்தான் அடைக்கின்றன. அகச்சிவப்பு பெரும்பாலும் தடையின்றி நுழைந்துவிடும். சென்சாருக்கு முன்னால் அகச்சிவப்பைத் தடுக்கும் தகடு ஒன்று இருந்தாலும் அது முழுத் தடை அன்று. சிறிதளவு எப்போதும் கசிந்துகொண்டுதான் இருக்கும். ஃபில்டர் இல்லாதபோது அந்தக் கசிவு, கொட்டும் வெளிச்சத்தில் கரைந்துபோகும். நீங்கள் ஒன்பது ஸ்டாப் அடைக்கும்போது கண்ணுக்குத் தெரியும் ஒளி 512-இல் ஒரு பங்காகிவிடுகிறது, அகச்சிவப்போ பழைய அளவிலேயே நிற்கிறது. செயற்கை இழைக் கறுப்புத் துணி பலவற்றின் சாயம் நம் கண்ணுக்குத்தான் கறுப்பு. அகச்சிவப்பை அது நன்றாகத் திருப்பி அனுப்பும். அதுதான் அரக்காகப் பதிவாகியிருக்கிறது. இலைகளும் அகச்சிவப்பை அதிகம் திருப்பி அனுப்புபவை; உங்கள் காட்சிகளில் சவுக்குத் தோப்பு ஏதாவது இருந்தால் அதையும் பாருங்கள், பசுமை குன்றிப் பழுப்பேறியிருக்கும்.

*

வெண்சங்கு எழுதியது:

சவுக்கு மரங்கள் இருக்கின்றன, ஐயா. நீங்கள் சொன்ன பிறகுதான் பார்த்தேன், அப்படியே இருக்கிறது. கோடை என்பதால் காய்ந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மணமகளின் முகம் ஏன் மாறியது என்பது இன்னும் புரியவில்லை. இரண்டு காட்சிகளுக்கும் இடையே பத்து நிமிடம்கூட இல்லை. ஒப்பனையைத் திருத்தவும் இல்லை.

*

வண்ணப்பெட்டி எழுதியது:

நான் வண்ணம் சேர்க்கும் வேலையில் இருப்பவன், நீங்கள் எல்லாம் எடுத்து வருவதைச் சரிசெய்யும் இருட்டறையில் அமர்ந்திருப்பவன். முகத்தைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் வேரியபிள் என்டியில் என்னை அதிகம் துன்புறுத்துவது எக்ஸும் அன்று, கோட்டும் அன்று, முகம்தான்.

முன்னால் இருக்கும் கண்ணாடி ஒரு போலரைசர் என்பதை மறந்துவிடுகிறோம். தோலின் மேற்பரப்பில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சத்தில் ஒரு பகுதி தளவிளைவு பெற்றது, அதாவது ஒரே திசையில் அதிர்வது. தோலுக்குள் சென்று சிதறி வெளிவரும் வெளிச்சம் அப்படியன்று. முன்கண்ணாடியின் அச்சு ஒரு திசையில் நின்றால் கன்னத்து மேட்டிலும் மூக்கு நுனியிலும் உள்ள மினுமினுப்பு அப்படியே இருக்கும். இன்னொரு திசையில் நின்றால் அது துடைத்ததைப் போல மறைந்து, அடிநிறம் மட்டும் எஞ்சும். அதைத்தான் நீங்கள் மாவு பூசியதைப் போல என்கிறீர்கள். எண்ணெய் தேய்த்து வாரிய கூந்தலில் ஓடும் ஒளிக்கோடும், பட்டுப்புடவையின் மடிப்பில் ஓடும் பளபளப்பும் இதே வகையில் வந்து வந்து போகும். சரிகையும் தங்க நகையும் உலோகப் பரப்பு என்பதால் அவ்வளவாக மாறுவதில்லை. ஆகவே நகை ஜொலிக்கிறது, முகம் ஜொலிக்கவில்லை என்ற விந்தையான காட்சி கிடைக்கும். அண்மையில் எனக்கு வந்த ஒரு திருமணத் தொகுப்பில், காட்சி ஓடிக்கொண்டிருக்கும்போதே எடுத்தவர் வளையத்தைத் திருப்பியிருந்தார். வெளிச்சம் சீராகத்தான் இருந்தது, ஆனால் மணமகளின் நெற்றியிலிருந்து ஒரு பளபளப்பு மெல்ல நகர்ந்து அணைந்துபோனது. அதை எந்த மென்பொருளைக் கொண்டு நான் திரும்ப ஏற்றுவது?

கோட்டின் நிறத்தை மட்டும் தனியே பிடித்துத் திருத்திவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். கோட்டைத் திருத்தலாம். ஆனால் அதே அரக்கு நிறம் முடியின் நிழலிலும் புருவத்திலும் கண்ணிமையிலும் இருக்கிறது. அங்கெல்லாம் கை வைத்தால் முகம் பச்சை தட்டும். என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன்: அளவு மாறாத நிலை என்டிகள் இரண்டை வாங்குங்கள், மூன்று ஸ்டாப்புக்கு ஒன்று, அகச்சிவப்புத் தடுப்புடன் ஆறு ஸ்டாப்புக்கு ஒன்று. வேரியபிளை விற்றுவிடுங்கள்.

*

ஆறாம்விரல் எழுதியது:

வண்ணப்பெட்டி அறைக்குள் இருந்து பேசுகிறார். மண்டப வாசலில் ஊர்வலம் வரும்போது, பந்தலின் நிழலிலிருந்து வெயிலுக்கு மாப்பிள்ளை இறங்கும் அந்த நான்கு நொடியில், ஒற்றை ஆளாக நிற்பவர் ஒரு ஃபில்டரைத் திருகிக் கழற்றி இன்னொன்றைத் திருகி மாட்ட முடியாது. திருமணத்தில் மறுபடியும் ஒருமுறை நடந்து வாருங்கள் என்று சொல்லவும் முடியாது. வெளிப்புறப் படப்பிடிப்புக்கு உங்கள் தீர்ப்பு சரி, சடங்குக்குப் பொருந்தாது.

*

வண்ணப்பெட்டி எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த நான்கு நொடிக்காகக் கடற்கரையில் இரண்டரை மணி நேரமும் அதையே மாட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்பதில்லை.

*

கணக்குப்பிள்ளை எழுதியது:

வானத்தைப் பற்றி ஒரு திருத்தம். வளையத்தைத் திருப்பியதால்தான் வானம் மாறியது என்று இங்கே எல்லோரும் எடுத்துக்கொள்வதாகத் தோன்றுகிறது. கணக்குப்படி அது பாதிதான் உண்மை. நிழலில் நான்கு ஸ்டாப்பில் இருந்தவர் வெயிலில் ஒன்பதுக்குப் போனால் வளையம் திரும்புவது ஏறத்தாழ 20 பாகை மட்டுமே. அதைவிடப் பெரிய காரணம் அவர் கேமராவை எந்தப் பக்கம் திருப்பினார் என்பது.

நீல வானம் சிதறிய ஒளி. சூரியனிலிருந்து 90 பாகை தள்ளியிருக்கும் பட்டையில் அதன் தளவிளைவு மிக அதிகம், சூரியனை ஒட்டியும் அதற்கு நேர் எதிரிலும் மிகக் குறைவு. சூரியன் கிழக்கே கடலின் பக்கம் தாழ்ந்திருக்கும்போது கரையோரமாக வடக்கையோ தெற்கையோ நோக்கினால் அந்தப் பட்டை நேராகச் சட்டத்துக்குள் வந்து விழும். வானம் கருநீலமாகும், அல்லது கண்ணாடியின் அச்சைப் பொறுத்து வெளுக்கும். சூரியன் பக்கமாகவோ சூரியனுக்கு முதுகைக் காட்டியோ திரும்பினால் விளைவே இருக்காது. சூரியன் மேலே ஏற ஏறப் பட்டை தொடுவானத்தை நோக்கிச் சாய்ந்து இறங்கும். 16 மி.மீ. லென்ஸ் பக்கவாட்டில் ஏறத்தாழ 97 பாகையைப் பார்ப்பது என்பதால், ஒரே சட்டத்துக்குள் வானத்தின் ஒரு பாதி கறுத்தும் மறுபாதி வெளுத்தும் நிற்கலாம். அது எக்ஸ் அன்று, வேறு நோய். கேமராவை அப்படியே வலமிருந்து இடமாகச் சுழற்றி எடுக்கும் காட்சியில் வேரியபிள் என்டி வேண்டவே வேண்டாம் என்பேன்.

*

மலைச்சாரல் எழுதியது:

நான் தென்காசிக்காரன், புகைப்படம் மட்டுமே எடுப்பவன். வீடியோக்காரர்களின் சண்டையில் குறுக்கே வருவதற்கு மன்னிக்க வேண்டும். குற்றாலத்தில் சீசன் தொடங்கினால் வேரியபிள் என்டியோடு அருவிக்கு முன் நிற்பவர்களைப் பார்க்கிறேன், பெரும்பாலோர் தேவைக்கு மேல் திருப்பிவிட்டுத் திண்டாடுகிறார்கள். ஐந்தருவிப் பக்கம் மர நிழலும் மேகமும் சேர்ந்தால் வெளிச்சம் வெயிலைவிட மூன்று ஸ்டாப்பாவது குறைந்திருக்கும். ஐஎஸ்ஓ 100, எஃப் 11 என்றால் 1/25 கிடைக்கும். நீர் நூல் நூலாக இறங்குவதற்கு அரை நொடி போதும். அதற்கு நான்கு ஸ்டாப்புக்கும் குறைவாகத்தான் வேண்டும். முப்பது நொடி திறந்துவைத்தால் அருவி அருவியாக இருக்காது, வேட்டி காயப்போட்டதைப் போல இருக்கும்.

என்னுடைய சிக்கல் ஈரப் பாறை. சாதாரண போலரைசரைத் திருப்பிப் பாறையின் மீதுள்ள பளிச்சிடலை நீக்கினால் அடியில் உள்ள பாசியின் நிறம் எழுந்துவரும். அதற்காகவே போலரைசர் வாங்குகிறோம். வேரியபிளில் அந்த உரிமை நம் கையில் இல்லை. வெளிச்சத்துக்காகத் திருப்பினால் பளிச்சிடல் எங்கே நிற்கிறதோ அங்கே நிற்கும். இதற்கு ஒரு குறுக்குவழி உண்டு. வேண்டிய அளவுக்கு வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டு, பிறகு முன்வளையத்தைத் தொடாமல், ஃபில்டர் முழுவதையும் லென்ஸின் மரையில் கால் சுற்றுக்குள் தளர்த்துங்கள். இரண்டு கண்ணாடிகளும் சேர்ந்தே திரும்புவதால் வெளிச்சம் மாறாது. பாறையின் பளபளப்பு மட்டும் மாறும். வண்ணப்பெட்டி சொன்ன முகத்துக்கும் இது பொருந்தும் என்றே நினைக்கிறேன். காந்தத்தில் ஒட்டும் ஃபில்டரானால் இன்னும் எளிது, முழுவதையும் அப்படியே சுழற்றலாம். மரையில் தளர்த்துபவர்கள் முடிந்ததும் மறக்காமல் இறுக்க வேண்டும். என்னுடைய ஒரு ஃபில்டர் மறதியால்தான் சிற்றாற்றோடு போனது.

*

ஒற்றைக்கால் கொக்கு எழுதியது:

பறவை எடுப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்காக ஒரு வரி. 400 மி.மீ. லென்ஸுக்கு முன் வேரியபிள் என்டி போட்டு வேடந்தாங்கலில் ஒரு காலைப்பொழுதை வீணாக்கியிருக்கிறேன். அகலக்கோணத்தில் எக்ஸ் என்றால் நீண்ட லென்ஸில் கூர்மை போய்விடும். கண்ணாடிகளுக்கு இடையே ஒட்டியிருக்கும் அந்த மெல்லிய படலம் முழுச் சமதளமாக இல்லாவிட்டால், பெரிதாக்கிக் காட்டும் லென்ஸ் அந்தக் குறையையும் சேர்த்தே பெரிதாக்கிவிடும். நாரையின் இறகு இறகாகத் தெரியாமல் பஞ்சாகத் தெரிந்தது. ஃபோகஸ் தவறிவிட்டது என்று நினைத்து ஒரு மணி நேரம் லென்ஸைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

*

புதுநாற்று எழுதியது:

நான் கல்லூரி மாணவன், இரண்டு ஐயங்கள். ஷட்டரை 1/2000-க்கு உயர்த்திவிட்டால் ஃபில்டரே வேண்டாமே, அதில் என்ன தவறு? என்னிடம் இரண்டு சர்க்குலர் போலரைசர்கள் சும்மா கிடக்கின்றன, அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டினால் வேரியபிள் என்டி ஆகிவிடாதா? மாட்டிப் பார்த்தேன், இருட்டவில்லை, நிறம்தான் கொஞ்சம் மஞ்சளும் நீலமுமாக மாறியது.

*

கணக்குப்பிள்ளை எழுதியது:

இரண்டாவது ஐயத்துக்கு நான் விடை சொல்கிறேன். சர்க்குலர் போலரைசர் என்பது முன்னால் ஒரு சாதாரண போலரைசரும், பின்னால் கால் அலைத் தகடு ஒன்றும் சேர்ந்தது. முதல் ஃபில்டரை விட்டு வெளிவரும் ஒளி அந்தத் தகட்டால் வட்டத் தளவிளைவு பெற்றுவிடுவதால், அடுத்ததை எப்படித் திருப்பினாலும் ஏறக்குறைய ஒரே அளவுதான் கடக்கும். தகடு எல்லா நிறத்துக்கும் ஒரே மாதிரி வேலை செய்யாததால் நிறம் மட்டும் புரளும். முன்னால் இருப்பதை முகம் மாற்றி, அதாவது தகடு வெளிப்பக்கம் பார்க்கும்படி மாட்டினால் இருட்டும். மரை இடம் கொடுக்காது, கையால் பிடித்துக்கொண்டுதான் பார்க்க முடியும். சோதித்துப் பார்க்கலாம், படப்பிடிப்புக்கு உதவாது.

மாணவர் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். 2019 டிசம்பர் 26-இல் கோவை, ஈரோடு, திண்டுக்கல் பக்கமெல்லாம் கங்கண சூரிய கிரகணம் தெரிந்தபோது, வேரியபிள் என்டியை முழுவதும் இருட்டாக்கி அதன் வழியே சூரியனைப் பார்க்கலாமா என்று என் மாணவர் ஒருவர் கேட்டார். கூடவே கூடாது. ஆறாம்விரல் சொன்ன அதே அகச்சிவப்பு, கோட்டைப் பழுப்பாக்கியது போல விழித்திரையைச் சுட்டுவிடும். கண் கூசாது என்பதால் சுடுவதும் தெரியாது.

*

ஆறாம்விரல் எழுதியது:

ஷட்டர் பற்றி: தவறு என்று சட்டம் ஒன்றும் இல்லை. 1/2000-இல் ஒவ்வொரு ஃபிரேமும் வெட்டி ஒட்டியதைப் போலக் கூர்மையாக நிற்கும். நடக்கும்போது வீசும் கையும், காற்றில் அலையும் முந்தானையும், கரையில் மோதி உடையும் கடலலையும் துள்ளித் துள்ளிப் போகும். சண்டைக் காட்சியில் அதை வேண்டுமென்றே செய்வார்கள். மணமகள் கடற்கரையில் நடந்து வரும் காட்சிக்கு அது ஒவ்வாது. மென்பொருளில் அசைவுக் கலங்கலைப் பின்னர் சேர்க்கலாம், ஆனால் வளையல் அணிந்த கை முகத்தைக் கடக்கும் இடத்தில் இரண்டையும் சேர்த்துக் குழப்பிவிடும்.

எதை வாங்குவது என்று வெண்சங்கு தனிமடலில் கேட்டிருந்தார், இங்கேயே சொல்கிறேன். இரண்டு முதல் ஐந்து ஸ்டாப் வரை, இரு முனையிலும் வளையம் முட்டி நிற்கும் தடை உள்ள வேரியபிள் ஒன்று. அதன்மேல் மாட்டாமல், தனியே பயன்படுத்த அகச்சிவப்புத் தடுப்புடன் ஆறு ஸ்டாப் நிலை என்டி ஒன்று. ஆறு ஸ்டாப் என்பது சில பெட்டிகளில் என்டி64 என்றும் சிலவற்றில் 1.8 என்றும் இருக்கும், இரண்டும் ஒன்றே. எல்லாவற்றையும் 82 மி.மீ.-இல் வாங்கிச் சிறிய லென்ஸ்களுக்கு வளையம் போட்டுக்கொள்ளுங்கள். ஹூட் மாட்ட முடியாது என்பதால் எதிர்வெயிலில் கையால் மறைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். உயர்ந்த வகை கேமராக்களில் இந்தத் தொல்லையே இல்லை. சோனியின் எஃப்எக்ஸ்6-இல் சென்சாருக்கு முன்னால் உள்ள திரவப் படிகத் தகட்டுக்கு மின்னழுத்தத்தை மாற்றியே இரண்டு முதல் ஏழு ஸ்டாப் வரை சீராகக் குறைக்கலாம். எக்ஸும் வராது, முகமும் மாறாது. வாடகைக்குக் கிடைக்கிறது. பெரிய வேலைக்கு ஒரு நாள் எடுத்துப் பாருங்கள், திருப்பிக் கொடுக்க மனம் வராது.

*

வெண்சங்கு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று முழுவதும் சோதித்துப் பார்த்ததை எழுதுகிறேன். மேகம் மூடியிருந்த வேளையில் மொட்டைமாடி நீர்த்தொட்டியின் வெள்ளைச் சுவரை, எஃப் 5.6-இல், 16, 24, 35, 85 மி.மீ. என நான்கிலும் வளையத்தைச் சிறிது சிறிதாகத் திருப்பி எடுத்தேன். வளையத்தில் இருக்கும் புள்ளிகள் சம இடைவெளியில் அச்சிடப்பட்டுள்ளன. ஆசிரியர் ஐயா சொன்ன கணக்குப்படி அப்படி இருக்கவே முடியாது, இருக்கவும் இல்லை. கேமராவின் ஒளியளவைப் பார்த்து உண்மையான ஸ்டாப்புகளை என் மனைவியின் நகப்பூச்சால் நானே குறித்துக்கொண்டேன். என்னுடையதில் மிகக் குறைந்த அளவு இரண்டு ஸ்டாப்புக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. 16 மி.மீ.-இல் ஐந்தரையைத் தாண்டினால் மூலை இருளத் தொடங்குகிறது, 35-இல் ஏழு வரை தாங்குகிறது, 85-இல் எட்டிலும் எக்ஸ் தெரியவில்லை, ஆனால் படம் முழுவதும் ஊதா சாய்கிறது. சாம்பல் அட்டை வைத்து ஒவ்வொரு அளவுக்கும் வெள்ளைச் சமநிலையைத் தனியே எடுத்தால் ஊதா பெரும்பாலும் போய்விடுகிறது. ஐந்து ஸ்டாப்புக்கு நேராகச் சிவப்புக் கோடு போட்டுவிட்டேன். அகல லென்ஸில் அதைத் தாண்டுவதில்லை.

மலைச்சாரல் அண்ணன் சொன்ன தளர்த்தும் முறையை என் தங்கையின் முகத்தில் சோதித்தேன். கால் சுற்றுக்குள் கன்னத்தின் மினுமினுப்பு போவதும் வருவதும் தெளிவாகத் தெரிந்தது, வெளிச்சம் அசையவில்லை. கறுப்புத் துணியையும் வெயிலில் வைத்துப் பார்த்தேன்: பருத்தி வேட்டி கறுப்பாகவே இருக்கிறது, பள்ளிக்கூடப் பையின் நைலான் மட்டும் சிவக்கிறது. அந்த வாடிக்கையாளருக்குக் கடற்கரைப் பகுதியை ஒரு நாள் அதிகாலையில் கட்டணமின்றி மீண்டும் எடுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். ஆறரை மணிக்கு என்றால் இந்தக் கண்ணாடியை இவ்வளவு தூரம் திருப்ப வேண்டியிருக்காது.

புதிய சிக்கல் ஒன்று: 67-82 வளையம் 85 லென்ஸில் இறுகிவிட்டது. நேற்றிரவிலிருந்து வரவில்லை.

*

ஒற்றைக்கால் கொக்கு எழுதியது:

விரலால் இறுக்கிப் பிடிக்காதீர்கள். பிடிக்கப் பிடிக்க வளையம் நீள்வட்டமாகி மரையில் இன்னும் கடித்துக்கொள்ளும். லென்ஸின் பின்மூடியைப் போட்டு, கழுவிக் காயவைத்த ரப்பர் செருப்பின் அடிப்பக்கத்தில் வளையத்தைக் கவிழ்த்து வைத்து, மேலிருந்து சீராக அழுத்தியபடி லென்ஸைத் திருப்புங்கள். சுற்றிலும் ஒரே அளவில் பிடி கிடைப்பதால் வந்துவிடும். கடற்கரையில் போட்ட வளையம் என்றால் மரையில் மணல் இருக்கும். வந்ததும் பழைய பல் துலக்கியால் துடைத்துவிட்டு மறுபடி மாட்டுங்கள். அடுத்த முறை வாங்கும்போது அலுமினியத்தை விட்டுவிட்டுப் பித்தளை வளையமாகப் பார்த்து வாங்குங்கள், அது இவ்வளவு கடிக்காது.

*

வெண்சங்கு எழுதியது:

வந்துவிட்டது. செருப்பு மாமனாருடையது, தேடிக்கொண்டிருக்கிறார்.